நீங்கக்கா

என் அண்ணியைப் பற்றி நான் நல்லதாக நாலு வார்த்தை எழுதினால் எங்கள் சொந்தத்தில் ஒருவரும் நம்ப மாட்டார்கள். நாத்தனார் வாயிலிருந்து அண்ணிக்குப் புகழ்ச்சி வருகிறதென்றால் ஒன்று நாத்தனாருக்குக் காய்ச்சல், இல்லை அண்ணி போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். எனக்குக் காய்ச்சல் இல்லை. அண்ணியும் குத்துக்கல் மாதிரி பக்கத்து அறையில் உட்கார்ந்து, நான் வாங்கி வந்த தக்காளியில் அழுகலைத் தேடிக்கொண்டிருக்கிறார். ஆனாலும் எழுதுகிறேன். அவரைப் பற்றி ஊர் உலகமெல்லாம் ஒரு பொய் சுற்றியது. அதைத் துடைக்க வேறு யாரும் துணியை எடுக்கவில்லை.

அண்ணி நர்ஸ். எங்கள் ஊர்க் கால்பந்து கிளப்பில், ஆட்டம் நடக்கும்போது கோட்டுக்கு வெளியே மருந்துப் பெட்டியோடு உட்கார்ந்திருப்பார். யாராவது விழுந்தால் ஓடுவார். ஓடும்போது அந்த உடம்புக்கு அத்தனை வேகம் எங்கிருந்து வருகிறதோ தெரியாது. வீட்டில் காலிங் பெல் அடித்தால் என்னைத்தான் எழுப்புவார். நான் அதே கிளப்பில் டிக்கெட் ஜன்னலில் இருக்கிறேன். ஆட்டக்காரர்கள் எல்லோரும் அவரை 'நீங்கக்கா' என்று கூப்பிடுவார்கள். காரணம் இருக்கிறது. அண்ணிக்கு 'நீ' வராது.

வராது என்றால் யாருக்கும் வராது. பதினாறு வயது ஆட்டக்காரனுக்கு 'நீங்க'. பால் பாக்கெட் போடுகிறவனுக்கு 'நீங்க'. தொட்டிலில் கிடந்த தன் பிள்ளையிடம் "ஏங்க அழறீங்க, இப்பத்தானே குடிச்சீங்க" என்று கேட்டவர். எங்கள் தெருவில் காது கிழிந்த ஒரு நாய் இருக்கிறது. அதனிடம், "வண்டி வருது, நீங்க அந்தப் பக்கம் போங்க" என்பார். அது போகும். நான் சொன்னால் போகாது.

இதனால் அவரை சாது என்று நினைத்துவிடக் கூடாது. மரியாதையெல்லாம் அந்த 'ங்க'வோடு சரி. "அறிவு இருக்குங்களா உங்களுக்கு? இந்த முட்டியை வச்சுக்கிட்டு ஆடினீங்கன்னா அடுத்த மாசம் தவழ்ந்துதாங்க போவீங்க" என்று ஒரு பின்கள ஆட்டக்காரனை அவன் பெண்டாட்டி முன்னாலேயே கிழித்திருக்கிறார். திட்டு முழுசாக இருக்கும், 'ங்க'வும் முழுசாக இருக்கும்.

ஏன் இப்படி என்று கல்யாணமான புதிதில் நான் கேட்டேன். அண்ணியின் அப்பா ஒரு மொத்தக் கடையில் வாசல் காவலாளி. தலை நரைத்த மனிதர். முதலாளியின் பேரன், பால் பல் விழாத பயல், "நீ போய் என் பந்தை எடுத்துட்டு வா" என்பானாம். இவர் "இதோ வந்துட்டேங்க" என்று ஓடுவாராம். சாப்பாட்டுத் தூக்கோடு நின்ற மகள் அதைப் பார்த்திருக்கிறாள். அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம் வந்தது. அந்தப் பயலின் 'நீ'யை அவனுக்கே திருப்பிக் கொடுக்க முடியாத வயசு. அதனால் அந்தச் சொல்லையே தன் வாயில் வைத்துக்கொள்வதில்லை என்று முடிவு செய்துவிட்டாள். எனக்கு அது பைத்தியக்காரத்தனமாகத்தான் பட்டது. "மரியாதை கொடுத்தா சம்பளத்துலயா பிடிக்கிறாங்க?" என்றார் அண்ணி.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

வெளியூர் அணி ஒன்று எங்கள் மைதானத்தில் ஆட வந்தது. அதில் பத்தாம் நம்பர் சட்டை போட்டவர் தூரதேசத்துக்காரர். கருத்த நிறம், நெடுநெடு உயரம், பந்து அவர் காலில் ஒட்டிக்கொள்ளும். எங்கள் ஆட்கள் அவரைப் பிடிக்க முடியாமல் மூச்சிரைத்தார்கள். எங்கள் ரசிகர்கள் உட்காரும் கிழக்கு கேலரிக்கு அது பொறுக்கவில்லை. இரண்டாவது பாதியில் ஒரு பந்துக்கு அவரும் எங்கள் தடுப்பாட்டக்காரரும் ஒன்றாக எம்பினார்கள். தலையும் தலையும் மோதின. பத்தாம் நம்பர் கிழக்கு கேலரிக்கு நேர் கீழே மல்லாந்து விழுந்தார், நெற்றி பிளந்து ரத்தம்.

அண்ணி ஓடினார். தலையில் அடிபட்டவன் சட்டென்று எழுந்தால் ஆபத்து என்று நர்ஸுக்குத் தெரியும். அவரோ எழப் பார்க்கிறார். அண்ணிக்கு ஆங்கிலம் தெரியாமலில்லை. ஆனால் அவசரத்தில் வாய்க்கு வருவது தாய்மொழிதானே. நெஞ்சில் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டு, "நீங்க அசையாதீங்க! நீங்க எந்திரிக்காதீங்க! நீங்க... நீங்க... நீங்க கண்ணைத் திறங்க!" என்று கத்தினார். கூட்டத்தின் இரைச்சலுக்கு மேலே கேட்க வேண்டுமே.

'நீங்க, நீங்க' என்று வேகமாகச் சொல்லிப் பாருங்கள். ஆங்கிலத்தில் ஒரு கெட்ட வார்த்தை உண்டு. கருத்த மனிதர்களைச் சங்கிலி போட்டு விற்ற காலத்துச் சொல், நான் அதை எழுதப் போவதில்லை. ரத்தம் கண்ணில் இறங்க, தலை கிறுகிறுக்க, மண்ணில் கிடக்கிறவர் காதுக்கு நம்முடைய 'நீங்க' அதுவாகத்தான் விழுந்தது. பனைமரத்தடியில் பால் குடித்தாலும் கள் என்பார்கள். இங்கே பாலே அவர் காதில் கள்ளாகிவிட்டது.

அவர் அண்ணியைப் பிடித்துத் தள்ளினார். அண்ணி ஓடுதளத்தில் விழுந்து முழங்கை தோலுரிந்தது. அவர் ரத்தத்தோடு எழுந்து நடுவரிடம் போய் அண்ணியைக் கைகாட்டி ஏதோ கத்திவிட்டு வெளியே நடந்தார். அவருடைய அணி முழுக்கப் பின்னாலேயே போனது. ஆட்டம் நின்றது.

அன்று சாயங்காலம் அண்ணியின் முழங்கைக்கு நான்தான் மருந்து போட்டேன். ஊருக்கெல்லாம் கட்டுப் போடுகிறவர், தனக்குப் போட்டால் குழந்தை மாதிரி காலை உதைக்கிறார்.

"எதுக்குத் தள்ளினார்னே புரியலைங்க" என்றார். "அவர் விழுந்ததும் மேல கேலரியில என்ன கத்தினாங்க தெரியுங்களா? 'டேய் கருங்குரங்கே, எந்திரிடா, மரத்துல ஏறுடா'ன்னு. ஒருத்தர் ரெண்டு பேர் இல்லை, பாட்டு மாதிரி சேர்ந்து. நான் அங்கேயே ஆட்ட அதிகாரிகிட்ட சொன்னேன். 'கூட்டம்னா கத்தத்தான் செய்யும், நீங்க கட்டுப் போடுற வேலையைப் பாருங்க'ன்னுட்டார்."

மறுநாள் காலையில் வீடியோ வந்துவிட்டது. கோட்டுக்குப் பக்கத்தில் இருந்த மைக் அண்ணியின் குரலை மட்டும் துல்லியமாகப் பிடித்திருந்தது. கீழே கிடக்கும் கருத்த மனிதர், அவர் நெஞ்சில் கை வைத்து அழுத்தும் ஒரு பெண்மணி, அகலத் திறந்த வாய், "நீங்க! நீங்க! நீங்க!" நம் மொழி தெரிந்தவர்கள் சிரித்துவிட்டுப் போனார்கள். தெரியாதவர்கள் பல்லைக் கடித்தார்கள். தெரியாதவர்கள்தான் உலகத்தில் அதிகம். இனவெறி பிடித்த நர்ஸ் என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

வெளிநாட்டில் படிக்கும் அண்ணியின் மகன் போன் செய்தான். அவனோடு ஒரே அறையில் இருந்த நண்பன் பேச்சை நிறுத்திவிட்டானாம். "அம்மா, ஒரு மன்னிப்புக் கேட்டுடுங்கம்மா. முடிஞ்சிடும்."

"எதுக்குங்க?"

"எதுக்கோ. கேட்டா விட்டுடுவாங்க."

"நான் உங்களை அப்படியாங்க வளர்த்தேன்?" என்று கேட்டுவிட்டு அண்ணி போனை வைத்தார். பிறகு வெகுநேரம் அந்தப் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு வலித்தது அன்றைக்குத்தான். முழங்கையெல்லாம் ஒன்றுமேயில்லை.

அடுத்து கிளப் செயலாளர் கூப்பிட்டார். இவரை அறிமுகப்படுத்த வேண்டும். இஸ்திரி போட்ட சட்டை, இஸ்திரி போட்ட சிரிப்பு. எல்லோரையும் 'நீ' என்பார், தன்னை யாரும் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிடக் கூடாது, 'சார்' வேண்டும். அவர் அறையில் கோப்பைகள் வைத்த கண்ணாடி அலமாரி இருக்கிறது. அதில் உள்ள கோப்பைகளில் பாதி இரண்டாம் பரிசு.

"சிஸ்டர், விளம்பரம் கொடுக்கிற கம்பெனிக்காரன் ஓடிடுவான் போல இருக்கு. இதுல ஒரு கையெழுத்து போடு. 'பதற்றத்தில் தகாத சொல் ஒன்று வாய் தவறி வந்துவிட்டது'ன்னு இருக்கு. அவ்வளவுதான்."

"வரலையேங்க."

"தெரியும்மா. எனக்குத் தெரியாதா? ஊருக்காகப் போடு."

"வராத வார்த்தையை வந்ததுன்னு எழுதிக் கொடுத்தா, நாளைக்கு என் பையன் அவர் நண்பர்கிட்ட என்னங்க சொல்வார்?"

செயலாளர் தாளைத் திருப்பிக் கடைசி வரியைக் காட்டினார். "மறுத்தா 'பணியிலிருந்து நீங்க நேரிடும்'னு போட்டிருக்கு, பார்த்துக்கோ."

அண்ணி குனிந்து படித்தார். "இதுலயாவது எனக்கு ஒரு 'நீங்க' போட்டீங்களே, சந்தோஷம்ங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டார். அன்றிலிருந்து வேலைக்கு வரக் கூடாது என்று நிறுத்திவைத்தார்கள்.

வீட்டில் அண்ணன் கூட, "கிறுக்கி வச்சுட்டு வந்திருக்கலாம்ல?" என்றான். அண்ணி அவனைப் பார்த்த பார்வையில் அவன் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்கே போய்விட்டான். எனக்கு மட்டும் உள்ளுக்குள் ஒரு குதூகலம். செய்யாததற்குத் தலை குனியாத ஒரு ஆளை அவ்வளவு பக்கத்தில் நான் பார்த்ததில்லை.

பிறகுதான் காற்று திசை மாறியது. அந்த வெளியூர் அணியின் மசாஜ்காரருக்கு நம் மொழி தெரியும். அவர் பெஞ்சிலிருந்து கேலரி கத்தியதைக் கேட்டிருக்கிறார். அதைப் பற்றி லீக் அலுவலகத்தில் புகார் கொடுத்துவிட்டார். அந்தச் சொற்களைப் பத்தாம் நம்பரிடம் சொல்லத்தான் அவருக்கு மனம் வரவில்லையாம். நிரூபணமானால் கிழக்கு கேலரியையே பூட்டிவிடுவார்கள். மைதானத்தில் பெரிய கேலரி அதுதான்.

மறுநாளே எங்கள் வீட்டு வாசலில் அவருடைய கார். கையில் பழக்கூடை. அண்ணியை முதல்முறையாக 'நீங்க' என்றார்.

"சிஸ்டர், நீங்கதான் சரி. நான் அவசரப்பட்டுட்டேன். விசாரணையில வந்து, 'நான் மரியாதையாத்தான் சொன்னேன், அவர் காதுல தப்பா விழுந்துச்சு'ன்னு சொல்லுங்க. நாங்களும் சொல்றோம். உங்க பேரும் சுத்தம், வேலையும் திரும்ப வந்துடும்."

"அதுல என்ன கஷ்டம், நடந்ததுதானேங்க" என்றார் அண்ணி.

"கேலரி விஷயம் மட்டும்..." செயலாளர் குரலைத் தாழ்த்தினார். "சத்தத்துல ஒண்ணும் கேட்கலைன்னுடுங்க. உங்களைத் தப்பாக் கேட்டவர், கேலரியையும் தப்பாத்தானே கேட்டிருப்பார்? ஒரே கல்லுல முடிஞ்சிடும்."

அவர் போனதும் அண்ணி பழக்கூடையைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டார். எனக்கு ஒரு ஆரஞ்சுகூட மிஞ்சவில்லை.

"புரியுதுங்களா?" என்றார் என்னிடம். "போன வாரம் என்னைப் பலி கொடுத்து விளம்பரக் கம்பெனியைக் காப்பாத்தப் பார்த்தாங்க. இந்த வாரம் என் 'நீங்க'வை வச்சு அந்த மனுஷனைப் பொய்யன் ஆக்கப் பார்க்கிறாங்க. கேலரி கத்தினது அவருக்கு ஒரு எழுத்துகூடப் புரியலை. எனக்குத்தான் புரிஞ்சுது."

அதுதான் இதிலுள்ள கொடுமை. அன்று அவரை நிஜமாகவே இழிவுபடுத்திய சொற்கள் அவருக்குத் தெரியாத மொழியில் இருந்தன, காற்றோடு போயின. மரியாதை கொடுத்த ஒரே ஆளின் ஒரே சொல்தான் அவரைக் குத்தியது.

விசாரணைக்கு நானும் துணைக்குப் போனேன். லீக் அலுவலகத்து மாடியில் நீளமான மேஜை, தண்ணீர் பாட்டில்கள். ஏ.சி.யிலிருந்து சொட்டிய தண்ணீருக்கு ஒரு பிளாஸ்டிக் வாளி வைத்திருந்தார்கள். வாளிக்குப் பக்கத்து நாற்காலிதான் எனக்குக் கிடைத்தது. தலைவர் இடத்தில் ஓய்வு பெற்ற நடுவர் ஒருவர். எதிரே பத்தாம் நம்பர், நெற்றியில் தையலோடு, பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் பெண்.

முதலில் பத்தாம் நம்பர் பேசினார். அந்தப் பெண் நம் மொழியில் சொன்னார்: "சின்ன வயசுல இருந்து பல மைதானத்துல அந்த வார்த்தையைக் கேட்டிருக்காராம். கண்ணு தெரியாம கிடக்கும்போது பக்கத்துல வந்து ஒருத்தர் அதையே திரும்பத் திரும்பச் சொன்னா, வேற எப்படி எடுத்துக்கிறதுன்னு கேட்கிறார்."

அண்ணி தன் பக்கத்தைச் சொன்னார். 'நீங்க' என்றால் என்ன என்று அந்தப் பெண் விளக்கினார். பத்தாம் நம்பர் எழுந்து நின்று அண்ணியின் முழங்கையைக் காட்டி வருத்தம் தெரிவித்தார்.

"ஆறிடுச்சுங்க" என்றார் அண்ணி. "நீங்க பயந்தது தப்பில்லை. ஆனா நர்ஸைத் தள்ளினீங்க பாருங்க, அது தப்புதாங்க." மொழிபெயர்ப்பாளர் அதைச் சொல்லத் தயங்கினார். "அப்படியே சொல்லுங்க" என்றார் அண்ணி. சொன்னதும் பத்தாம் நம்பர் பள்ளிக்கூடப் பையன் மாதிரி தலையாட்டினார்.

செயலாளர் முகம் மலர்ந்துவிட்டது. "பார்த்தீங்களா சார், எல்லாம் மொழிக் குழப்பம். கேலரி விஷயமும் இதேதான்."

தலைவர் அண்ணியிடம் திரும்பினார். "கேலரிக்குக் கீழேதானே இருந்தீங்க. ஏதாவது கேட்டுச்சா?"

செயலாளர் தொண்டையைச் செருமினார். ஒரு 'இல்லைங்க' போதும். வேலை, பெயர், மகனின் நண்பன், எல்லாம் திரும்பி வந்துவிடும்.

"நல்லாக் கேட்டுதுங்க" என்றார் அண்ணி. கேலரி கத்தியதை ஒரு எழுத்துக் குறைக்காமல், குரலைத் தாழ்த்தாமல் சொன்னார்.

அதை மொழிபெயர்க்க விடாமல் செயலாளர் சிரித்தபடியே கையை விரித்தார். "சார், இது நம்ம ஊர்ப் பேச்சு. வீட்டுல நம்ம பிள்ளையை நாம குரங்கு, கழுதைன்னு கொஞ்சறதில்லையா? கருப்பான்னு ஆசையாக் கூப்பிடறதில்லையா? நம்ம மொழியோட அழகு இவங்களுக்குப் புரியாது. சிஸ்டருக்கும் வயசாச்சு, பாவம், அந்தச் சத்தத்துல..."

"நீ உட்காரு" என்றார் அண்ணி.

ஏ.சி. சொட்டுவது எனக்குக் கேட்டது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நாய்க்குக்கூடச் சொல்லாத அந்த ஒற்றை எழுத்தை என் காதால் கேட்டேன்.

செயலாளர் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. "யாரைப் பார்த்து 'நீ'ங்கிறே? நான் யார் தெரியுமா? என் வயசென்ன, பதவியென்ன? சார், இதைப் பதிவு பண்ணுங்க, என்னை அவமானப்படுத்துறா!"

அண்ணி உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை. "ஒரு 'ங்க' குறைஞ்சதுக்கே உனக்கு நாற்காலி தாங்கலை. ரத்தம் வழியக் கிடந்தவரை ஒரு கேலரியே சேர்ந்து மனுஷனே இல்லைன்னு கத்தியிருக்கு. அதை மட்டும் அவர் கொஞ்சல்னு வாங்கிக்கணுமா? உனக்கு வந்தா அவமானம், அவருக்கு வந்தா மொழி அழகா?"

பத்தாம் நம்பர் ஒன்றும் புரியாமல் மொழிபெயர்ப்பாளர் பக்கம் குனிந்து, அவரை அப்படி எகிற வைத்த வார்த்தை என்ன என்று கேட்டார். அந்தப் பெண் திணறினார். "யூ" என்றார். அப்படியானால் தன்னைச் சொன்னது? "அதுவும் யூதான்." அவர் விழித்தார். அந்தப் பெண் இரண்டு விரல்களை ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து, மேல் விரலை எடுத்துக் காட்டி, மெதுவாக விளக்கினார். அவர் முதலில் செயலாளரைப் பார்த்தார், அப்புறம் அண்ணியை. பிறகு சிரித்தார் பாருங்கள், தையல் பிரிந்துவிடும் போல நெற்றியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கேலரி என்ன கத்தியது என்பதையும் கேட்டுத் தெரிந்துகொண்டார். அப்போது சிரிப்பு நின்றுவிட்டது.

கேலரியைப் பூட்டினார்கள். கிளப் அண்ணியைப் பணியிலிருந்து நீக்கியது. வீடியோவைப் பார்த்து அண்ணியைத் திட்டியவர்களில் ஒருத்தரும் திரும்பி வந்து மன்னிப்புக் கேட்கவில்லை. மகனின் நண்பன் மட்டும் போனில் வந்து தட்டுத்தடுமாறி "நீங்க எப்படி இருக்கீங்க" என்றானாம். நான் இன்னும் அதே ஜன்னலில் டிக்கெட் கிழிக்கிறேன். அந்தக் கிழக்கு கேலரிக்காரர்கள் இப்போது வேறு கேலரிக்கு டிக்கெட் வாங்க வந்தால் சில்லறையை வீசாமல் கையில் கொடுக்கச் சொல்லிச் சண்டை போடுகிறேன். அது அண்ணியிடமிருந்து ஒட்டிக்கொண்ட வியாதி.

அண்ணி இப்போது எங்கள் தெருமுனை கிளினிக்கில் இருக்கிறார். போன வாரம் நான் அங்கே தலைவலிக்கு மாத்திரை வாங்கப் போயிருந்தேன். ஒரு கார் வந்து நின்றது. செயலாளர். ரத்தக் கொதிப்பாம், பக்கத்தில் வேறு கிளினிக் திறந்திருக்கவில்லையாம். வாசற்படியில் காது கிழிந்த நாய் குறுக்கே படுத்திருந்தது. அதைத் தாண்டப் பயந்துகொண்டு அவர் நின்றார்.

அண்ணி எட்டிப் பார்த்தார். நாயிடம் சொன்னார்:

"நீங்க கொஞ்சம் தள்ளிப் படுங்க. இவன் உள்ள வரணுமாம்."